தெரிந்தும் தெரியாதவர் போல



ஒருவருடைய குடிப்பழக்கத்தை அறிந்தும் அறியாதவர் போல நடந்துகொள்வதை நாம் நாகரிகம் என்று எண்ணுகின்றோம். “அது அவர்கள் வீட்டு விடயம்” என்று ஒதுங்கிவிடுகின்றோம். மாநகரில் இதனால் பெரிய கேடில்லை. உதவி தேட அங்கே பல வாசல்கள் உண்டு. ஆனால் அவுஸ்திரேலியாவின் உட்பகுதியில், இறைச்சி ஆலையிலோ பண்ணையிலோ வேலை செய்துகொண்டு, ஊரில் உள்ள நாலைந்து தமிழ்க் குடும்பங்களுள் ஒன்றாக வாழ்பவருக்கு நமது நாகரிகம் கைவிடுதலாகி விடாதா?

சிற்றூரில் தங்கிச் சிகிச்சை பெறும் நிலையம் இருப்பது அரிது. தூர நகரத்தில் இடம் கிடைக்கக் காத்திருக்க வேண்டும். கிடைத்தாலும் பல வாரம் வேலையை விட வேண்டும். 1935இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில் தோன்றிய ‘அல்கஹோலிக்ஸ் அனோனிமஸ்’ இயக்கத்தின் கூட்டங்கள் சிற்றூர்களிலும் நடக்கின்றன. பெயர் வெளிவராமை அதன் அடிப்படை. ஆனால் மண்டபத்தின் முன் யாருடைய கார் நிற்கிறது என்று ஊரே அறியுமிடத்தில் அது எவ்வளவு நிலைக்கும்? தொலைபேசியிலும் கணினியிலும் நடக்கும் கூட்டங்கள் இதற்கு ஓரளவு பரிகாரம்.

எனவே குடும்ப வைத்தியரே முதல் வாசல். நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் முதல் இரண்டு மூன்று நாட்களில் வலிப்பும் சித்தப்பிரமையும் வரலாம், உயிராபத்தும் உண்டு. “சுவாமி முன்னால் சத்தியம் பண்ணு, நாளையோடு விடு” என்று நம்மவர் சொல்வது வழக்கம். சத்தியம் பண்ணட்டும், வைத்தியரைப் பார்த்த பிறகு. குடி நாட்டத்தைக் குறைக்கும் நல்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரொசேட் போன்ற மாத்திரைகளை அவரே எழுதித்தரலாம். கடுமை குறைந்தவர்களை வீட்டில் வைத்தே, தாதியொருவர் நாள்தோறும் பார்க்க, குடியிலிருந்து மீட்பதும் உண்டு.

இதற்கு வைத்தியர் ஒரு நிபந்தனை வைப்பார்: குடிக்காத, நம்பிக்கையான ஒருவர் வீட்டில் கூடவே இருக்க வேண்டும். மனைவி இரவு வேலைக்குப் போகின்றார், பிள்ளைகள் சிறியவர்கள். யார் இருப்பது? மருந்தும் வைத்தியரும் இருந்தும் காரியம் நின்றுபோவது இங்கேதான். அந்த ஆளை நமது மௌனம்தான் தடுத்து வைத்திருக்கின்றது.

சாந்தி ரங்கநாதன் அவர்கள் 1980இல் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, நகரத்துக்கு வர இயலாதோருக்காக மஞ்சக்குடி என்னும் கிராமத்தில் முகாம் நடத்தியது. ஏறத்தாழ 15 நாட்கள் அங்கேயே தங்கவைத்துச் சிகிச்சை அளித்தார்கள். குடும்பத்தாருக்கும் அதில் பங்கு இருந்தது. ஒளிக்க இடமில்லாத ஊரிலேயே, ஊரார் துணையுடன் அது நடந்தது.

ஊரறியச் செய்தால் மானம் போகாதா, வேலை போகாதா என்று கேட்பீர்கள். நியாயமான பயம், நமது கோயில் மடைப்பள்ளிப் பேச்சு எவ்வளவு தூரம் போகும் என்று நமக்கே தெரியும். எல்லோரும் அறிய வேண்டியதில்லை. அவர் சம்மதித்த இரண்டு பேர் போதும்: ஒருவர் இரவில் கூட இருக்க, ஒருவர் வைத்தியரிடம் அழைத்துப்போக. அவர் சம்மதிக்காவிட்டால் மனைவியிடமாவது, “உங்களுக்கு என்ன உதவி வேண்டும்?” என்று கேட்கலாமே.

மது, போதைப்பொருள் பற்றிய தேசிய ஆலோசனைத் தொலைபேசி 1800 250 015, இரவு பகலாக இயங்குவது. குடும்பத்தாரும் பேசலாம். ஆங்கிலம் தடையானால் 131 450ஐ அழைத்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம்.