மொட்டும் பங்கும்

திருவாண்டார்கோயில் பக்கத்துப் பனைகளில் சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டினால் பதநீர் இறங்கும். தடவாவிட்டால் கள். கண்ணுக்குத் தெரியாத ஈஸ்ட் என்னும் ஜீவன் அதில் குடியேறிப் பெருகிவிடுகிறது. கள்ளின் நன்மை தீமையை நான் விசாரிக்கப் போவதில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் 1987-லேயே அதைத் தடை செய்துவிட்டார்கள். இந்தப் பக்கம் கடை வைத்தார்கள். அந்த வழக்கை அவர்களே தீர்த்துக்கொள்ளட்டும். எனக்கு வேண்டியது ஈஸ்ட் தன் குடும்பத்தைப் பிரிக்கிற விதம்.

நம் உடம்பின் அணுக்களைப்போல் அது நடுவில் பிளப்பதில்லை. ஓரத்தில் ஒரு மொட்டு விடுகிறது. பிறகுதான் கரு, தாய்க்கும் மொட்டுக்கும் இடையிலுள்ள கழுத்துக்கு வந்து இரண்டாகிறது. ஒரு பாதி தாயிடம், மறுபாதி மொட்டில். மொட்டு விடத் தாமதமானால்? கருவும் காத்திருக்கிறது! டேனியல் லூ, ஸ்டீவன் ரீட் என்ற இருவர் 1995-ல் இதைப்பற்றி எழுதினார்கள். ‘ஸ்வீ1’ என்கிற புரதம், கருவைப் பிளக்கத் தூண்டும் விசையைப் பிடித்து நிறுத்திவைக்கிறதாம். இதற்கு உறவான ஒன்றை வேறோர் ஈஸ்ட் இனத்தில் 1970-களிலேயே எடின்பரோவில் பால் நர்ஸ் கண்டிருந்தார். அது கெட்டுப்போன அணுக்கள் வளருமுன்பே பிரிந்து குட்டையாகிவிட்டன. ‘வீ’ என்றால் ஸ்காட்லாந்துக்காரர் பேச்சில் குட்டை. அதையே பெயராக வைத்தார். 2001-ல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவர் ஒருவர்.

சில வருஷங்களுக்கு முன் எங்கள் தெருப் பெரியவர் ஒருவர், “தம்பி, சாட்சிக் கையெழுத்து நீங்கதான் போடணும்” என்று கூப்பிட்டார். பிள்ளைகள் இருவருக்கும் பாகப்பிரிவினை. பெரியவனுக்கு வீடு, சின்னவனுக்கு விழுந்தது வெறும் மனை. ஒரு செங்கல்கூட அங்கே இறங்கவில்லை. ‘வீடு எழும்பட்டுமே, அப்புறம் எழுதலாம்’ என்ற வார்த்தை என் நாக்கு நுனிவரை வந்தது. பிறர் வீட்டு விவகாரம் என்று விழுங்கிவிட்டேன். மனையில் வீடு எழும்பவே இல்லை. ஒரே கூரையின்கீழ் இரண்டு அடுப்பு. கிழவிக்கு எந்த அடுப்பில் சோறு என்பது தினமும் ஒரு பஞ்சாயத்து.

ஈஸ்டைப் புகழவும் எனக்கு மனம் வரவில்லை. ஒரு புரதம் பிடித்துக்கொண்டிருப்பதால் அது காத்திருக்கிறது. அவசரப்பட முடியாதவனின் பொறுமைக்கு என்ன மதிப்பு? அந்தக் காவலுக்கும் எல்லை உண்டு. மொட்டு வரவே இல்லையென்றால், சில மணி நேரத்துக்குப் பிறகு கரு பிளந்தே விடுகிறது. ஒரே கூட்டுக்குள் இரண்டு கரு. ஆனாலும் அங்கே தடுத்துப் பார்க்க ஒன்று இருந்தது. அன்று அந்தத் திண்ணையில் அதைச் செய்யக்கூடியவன் நான் ஒருவன்தான். சட்டைப் பையில் பேனாவைத் தேடினேன். பெரியவர் தம்முடையதை நீட்டினார். மை நன்றாகவே இறங்கியது.