காத்திருப்பதற்கும் ஒரு கணக்கு உண்டு



வாங்கும் சரக்கு எதுவாயினும் விலை கேட்காமல் கை நீட்டாத நாம், காத்திருப்பதற்கு மட்டும் விலை கேட்பதில்லை. "நிற்பதில் என்ன நஷ்டம்? நின்றுதான் பார்ப்போமே" என்பது உலக வழக்காகிவிட்டது. ஆனால் கிட்டங்கியில் அசையாமல் கிடக்கும் மூட்டைக்கும் வாடகை ஓடிக்கொண்டே இருக்கிறது என்பதை வியாபாரிக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மனிதன் காத்திருப்பதும் அவ்விதமே. அதற்கு ஒரு செலவு உண்டு. அந்தச் செலவை யாரோ ஒருவர் கொடுத்தே தீருகிறார். கொடுப்பவர் யார் என்பதே இங்கு நான் யோசிக்க விரும்பும் கேள்வி.

இதை எழுதத் தூண்டிய விஷயம் அமெரிக்காவில் டாக்டர் படிப்புக்கு இடம் தேடும் பிள்ளைகளைப் பற்றியது. நம்மில் சிலருடைய உடன்பிறந்தாரும் சம்பந்தக்காரரும் அந்நாட்டில் குடியேறி, அவர்களுடைய பிள்ளைகள் அங்கேயே பிறந்து வளர்ந்து பெரியவர்களாகிவிட்டனர். படிப்பைப் பற்றி நம்மிடம் யோசனை கேட்க அவர்களுக்கு அவசியமில்லை. ஆயினும் ஒன்றைப் பிடித்து வைப்பதா, விடுவதா என்ற கேள்வி வரும்போது, கடை வைத்திருக்கும் மாமனுடைய நினைவு வந்துவிடுகிறது.

முதலில் அங்குள்ள முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் பொதுவாகப் பள்ளிக்கூடம் முடித்த உடனே வைத்தியக் கல்லூரியில் சேர முடியாது. பெரும்பாலோர் நான்கு வருஷம் வேறு கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்று, எம்காட் என்னும் தேர்வையும் எழுதி, பிறகு ஒரே விண்ணப்பத்தைப் பல வைத்தியக் கல்லூரிகளுக்கு அனுப்புகின்றனர். 2023ஆம் ஆண்டுச் சேர்க்கைக்கு எம்.டி. பட்டம் தரும் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தவர் சுமார் 52,000 பேர். சேர்ந்தவர் சுமார் 23,000 பேர். பாதிக்கு மேற்பட்டவர் வெளியே நின்றனர் என்பது இதிலிருந்து விளங்கும்.

விண்ணப்பித்தவருக்கு வரும் பதில் மூன்று வகை. இடம் உண்டு என்பது ஒன்று. இல்லை என்பது ஒன்று. மூன்றாவது, "காத்திருப்போர் பட்டியலில் உம்முடைய பெயரை வைத்திருக்கிறோம்" என்பது. சில கல்லூரிகள் பட்டியலில் எத்தனையாவது ஆள் என்று வரிசை எண் வைக்கும். பல கல்லூரிகள் அதுவும் வைப்பதில்லை. இடம் கிடைத்தவர் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களை ஏப்ரல் 30 வரை கையில் வைத்துக் கொள்ளலாம். அதன் பிறகு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிட வேண்டும் என்பது அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கம் வகுத்துள்ள நெறி. அப்படி விடப்பட்ட இடங்களுக்குத்தான் மே, ஜூன் மாதங்களில் பட்டியலிலிருந்து ஆட்களை அழைக்கிறார்கள். சில சமயம் வகுப்பு தொடங்கும் நாள் வரையிலும் அழைப்பு வருவதுண்டு.

ஓர் இடத்தைக் கையில் வைத்திருப்பவரும் மற்றக் கல்லூரிகளின் பட்டியலில் நிற்கலாம். அதற்கென இரண்டு படிகள் வைத்திருக்கிறார்கள். "சேர எண்ணியுள்ளேன்" என்று குறிப்பது முதற்படி. இப்படிக் குறித்தவர் வேறு பட்டியல்களில் தொடர்ந்து நிற்கலாம். "சேர உறுதி கொள்கிறேன்" என்பது இரண்டாவது படி. இதைக் குறித்தவர் மற்ற எல்லாப் பட்டியல்களிலிருந்தும் பெயரை எடுத்துவிட வேண்டும். அந்த உறுதியைப் பொதுவாகக் கல்லூரி தொடங்குவதற்கு ஏறத்தாழ மூன்று வாரம் இருக்கும்போதுதான் கேட்பார்கள்.

ஆகவே சட்டப்படி நிற்கலாம். நிற்பவரைக் குற்றம் சொல்ல நமக்கு உரிமையில்லை. ஆனால் சட்டம் அனுமதிப்பது அனைத்தையும் நாணயமுள்ள வியாபாரி செய்துவிடுவதில்லை. "இந்தச் சரக்கை எனக்கென்று எடுத்து வையும், நாளைக்கு வருகிறேன்" என்று சொல்லிப் போகிற வாடிக்கைக்காரரை நாம் அறிவோம். அவர் வருவார் என்று நம்பி, கேட்டு வந்த வேறு இருவரைத் திருப்பி அனுப்புகிறோம். அவர் வராவிட்டால் எந்தச் சட்டத்திலும் குற்றமில்லை. ஆயினும் நஷ்டம் நம்முடைய பேரேட்டில்தான் ஏறுகிறது. அவர் வராததைவிட, வரப்போவதில்லை என்று தெரிந்த பிறகும் சொல்லாமல் இருந்ததுதான் நமக்கு வருத்தம்.

என் லாத்தாவின் மகள் சென்ற வருஷம் இந்த நிலையில் நின்றாள். தொலைவான ஒரு நகரத்தில், தனியார் கல்லூரி ஒன்றில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. வேறு மூன்று கல்லூரிகளில் பெயர் பட்டியலில் இருந்தது. "மாமா, எது வரைக்கும் நிற்கலாம்?" என்று கேட்டாள். எனக்கு வைத்தியம் தெரியாது. அவள் ஊரும் தெரியாது. ஆகவே ஒன்றே ஒன்று கேட்டேன். "மூன்றையும் தனித்தனியாக எடுத்துக் கொள்ளம்மா. இன்று சாயங்காலம் அந்தக் கல்லூரியிலிருந்து அழைப்பு வந்தால், இப்போதுள்ள இடத்தை விட்டு அங்கே போவாயா? வாப்பாவுக்காகவும் உம்மாவுக்காகவும் சொல்லாதே. நீ போவாயா?"

அவள் இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சொன்னாள். முதல் கல்லூரி அவள் பிறந்த மாநிலத்தின் அரசாங்கக் கல்லூரி. அந்த மாநிலத்தாருக்கு அங்கே கட்டணம் குறைவு. தாய் தகப்பன் பக்கத்தில் இருக்கிறார்கள். அழைத்தால் அன்றே போவாள். இரண்டாவது கல்லூரிக்குப் பெயர் பெரிது. ஆனால் செலவு ஒன்றும் குறையாது, ஊரும் பிடிக்கவில்லை. மூன்றாவதற்கு ஏன் விண்ணப்பித்தாள் என்பதே அவளுக்கு இப்போது விளங்கவில்லை. அவள் அவ்விரண்டு பட்டியல்களிலிருந்தும் பெயரை அன்றே எடுத்துவிட்டாள். முதலாவதில் மட்டும் நின்றாள்.

என் மச்சானுக்கு இரண்டாவது கல்லூரியை விட்டதில் மனக்குறை. பெயர் பெற்ற இடமாயிற்றே என்றார். பெயரின் ஆசையைக் குறைவாகச் சொல்லவில்லை. கடைக்குப் பெயர்ப்பலகை முக்கியந்தான். ஆனால் அங்கீகாரம் பெற்ற எந்தக் கல்லூரியில் படித்து எம்.டி. வாங்கினாலும், வைத்தியம் பார்க்க உரிமை பெறுவதற்கு எழுத வேண்டிய தேர்வு அந்நாட்டில் ஒன்றே. காய்ச்சலோடு வந்து உட்காருகிற நோயாளி, டாக்டர் எந்தக் கல்லூரியில் படித்தார் என்று பார்த்துக் குணமாவதில்லை. ஊராருடைய காதுக்காகப் பிள்ளையை வரிசையில் நிறுத்தினால், அந்தக் காத்திருப்பின் செலவு பிள்ளையின் கணக்கில் ஏறுகிறது. பெருமை மட்டும் நம் கணக்கில் வருகிறது. இது நியாயமான கூட்டு வியாபாரமல்ல.

முதலாவது பட்டியலில் நின்றதற்கு வலுவான காரணம் இருந்தது. அமெரிக்காவில் கடன் வாங்கி வைத்தியம் படித்து வெளிவருவோரில் நடுத்தரமானவருடைய கடன் ஏறத்தாழ 2,00,000 டாலர். அதற்கு வட்டியும் உண்டு; வட்டியைப் பற்றி நம் வீடுகளில் உள்ள கவலையை நான் சொல்லத் தேவையில்லை. மேலும் 2025 ஜூலையில் அங்கே இயற்றப்பட்ட சட்டப்படி, 2026 ஜூலை முதல் தேதியிலிருந்து புதிதாகக் கடன் வாங்கும் வைத்திய மாணவருக்கு அரசாங்கம் தரும் கடனுக்கு வருஷத்துக்கு 50,000 டாலர், மொத்தத்தில் 2,00,000 டாலர் என்று வரம்பு கட்டிவிட்டார்கள். மிச்சத்துக்கு வேறு வழி பார்க்க வேண்டும். கட்டணம் குறைந்த இடத்துக்காகச் சில வாரம் பொறுத்துப் பார்ப்பது பேராசையன்று, அது சிக்கனம்.

அப்படியானால் எது வரை? இங்கேதான் மற்றவருடைய கணக்கு உள்ளே வருகிறது. அவள் ஜூலை மாதத்தில் ஓர் இடத்தை விட்டால், அந்த இடத்துக்கு வேறு ஒருவன் அழைக்கப்படுவான். அவன் விட்டுவரும் இடத்துக்கு மற்றொருவன் போவான். இது நல்லதுதான், ஒருவர் நகர்வதால் வரிசையில் நிற்கும் மற்றவருக்கும் வழி பிறக்கிறது. கெடுதல் நகர்வதில் இல்லை, தாமதத்தில் இருக்கிறது. மே மாதத்தில் நகர்ந்தால் பின்னால் வருபவன் நிதானமாக வீடு பார்த்துக்கொண்டு வருவான். வகுப்புக்கு நாலு நாள் இருக்கும்போது நகர்ந்தால், அவன் வாடகைக்குப் பேசிய வீட்டை விட்டு, கொடுத்த முன்பணத்தை இழந்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். அந்த நஷ்டம் நம் கண்ணுக்குத் தெரியாத ஒருவனுடைய பேரேட்டில் விழுகிறது.

ஆகவே தேதியை முன்கூட்டியே குறித்துவிட வேண்டும் என்பது என் அபிப்பிராயம். காத்திருக்கத் தொடங்கும் முன்பே, மனம் தெளிவாக இருக்கும்போதே குறிக்க வேண்டும். நின்றுகொண்டிருக்கும்போது குறிக்கலாம் என்றால், இன்னும் ஒரு வாரம், இன்னும் ஒரு வாரம் என்று மனம் தவணை கேட்டுக்கொண்டே இருக்கும். பழைய பாக்கிக்காரருக்குத் தவணை கொடுத்துப் பழகியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். என் மருமகள் குறித்தது, இடம் தந்த கல்லூரி உறுதி கேட்கும் நாளை. அந்த நாள் வரையிலும் அழைப்பு வரவில்லை. அவள் உறுதி கொடுத்து, பெயரை எடுத்துவிட்டு, தொலைவான ஊருக்கே போய்ச் சேர்ந்தாள். ஒருநாள் பிந்தி அழைப்பு வந்திருக்குமோ என்று அவள் விசாரிக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

இன்னொரு விஷயமும் உண்டு. பட்டியலில் நிற்கும் சிலர், "என்னை அழைத்தால் கட்டாயம் உங்களிடமே சேருவேன்" என்று கல்லூரிக்குக் கடிதம் எழுதுகிறார்கள். சில கல்லூரிகள் அதை ஏற்றுக் கவனிக்கின்றன. சில கல்லூரிகள் எழுதவே வேண்டாம் என்கின்றன. ஒரு கல்லூரிக்கு எழுதினால் அது வாக்கு. இரண்டு கல்லூரிகளுக்கு அதே கடிதத்தை எழுதினால் ஒன்று நிச்சயம் பொய். ஒரே சரக்கை இரண்டு பேருக்கு விற்று இருவரிடமும் முன்பணம் வாங்குகிறவனைச் சந்தையில் என்னவென்று அழைப்போம்? நோயாளி தன் உடம்பையே நம்பி ஒப்படைக்கும் தொழிலுக்குள் நுழைகிறவர், வாசற்படியிலேயே வாக்கை இரண்டாகப் பிளக்கலாமா?

இனி, கையில் இடமே இல்லாமல் பட்டியலில் மட்டும் நிற்பவருடைய நிலை. இவருக்காகவே மனம் அதிகம் இளகுகிறது. இவர் நிற்பதால் யாருக்கும் தாமதமில்லை; கடைசி நாள் வரை நிற்கட்டும். ஆனால் இவருடைய செலவு வேறு விதமானது. அடுத்த வருஷச் சேர்க்கைக்கான விண்ணப்பம் மே மாதத்திலேயே திறந்துவிடுகிறது. மே கடைசியிலிருந்து அனுப்பலாம். பல கல்லூரிகள் விண்ணப்பம் வர வரப் பார்த்து இடம் கொடுத்துக்கொண்டே போவதால், முந்தியவருக்குச் சாதகம் உண்டு. "அழைப்பு வந்துவிடும், பிறகு எதற்கு மறுபடி விண்ணப்பம்" என்று ஆகஸ்டு வரை கையைக் கட்டிக்கொண்டிருப்பவர், இந்த வருஷத்தை மட்டுமல்ல, அடுத்த வருஷத்தின் முற்பகுதியையும் இழக்கிறார். ஆகவே ஒரு கை பட்டியலில் இருக்கட்டும். மறு கை புது விண்ணப்பத்தை எழுதட்டும். புதிதாக எழுதுவது நம்பிக்கைக் குறைவாகாது. பழைய கொள்முதல் வந்து சேருமோ என்று பார்த்துக்கொண்டே புதிய ஆர்டர் போடுகிற வியாபாரியை யாரும் அவநம்பிக்கைக்காரர் என்று சொல்வதில்லை.

அந்த இடைக்காலத்தில் அவர் ஏதேனும் உத்தியோகத்தில் சேரலாம். சேரும்போது, "ஆகஸ்டுக்குள் கல்லூரி அழைத்தால் போய்விடுவேன்" என்று முதலாளியிடம் சொல்லிவிட வேண்டும். சொன்னால் வேலை கிடைக்காதே என்பார்கள். சில இடங்களில் கிடைக்காமலும் போகலாம். ஆனால் நம்மில் பலரும் முதலாளிகளே. ஆளைப் பழக்கி, சிட்டை எழுதக் கற்றுக் கொடுத்து, மூன்றாம் மாதம் அவன் சொல்லாமல் போனால் நமக்கு என்ன ஆகிறது என்பதை அறிவோம். முன்கூட்டிச் சொன்னவனை வாழ்த்தி அனுப்புகிறோம், மறைத்தவனை மறப்பதில்லை.

இதைப் படிக்கும் பெரியவர் சிலர், "நஸீபில் இருந்தால் கடைசி நிமிஷத்திலும் வரும், நாமாக ஏன் பெயரை எடுக்க வேண்டும்?" என்று கேட்கக்கூடும். அவர்கள் சொல்வதில் பாதி சரி. வர வேண்டியது வரும் என்று நம்புகிறவன், அது வருவதற்குத் தான் கதவோரம் நின்றே ஆக வேண்டும் என்றும் நம்பத் தேவையில்லையே. வேறு சிலர், சீக்கிரம் விடுவது விடாமுயற்சிக்கு விரோதம் என்பார்கள். முயற்சி என்பது கையும் காலும் வேலை செய்வது. வரிசையில் நிற்பதில் கால் மட்டுமே வேலை செய்கிறது.

சகோதரர்களே, வருஷக் கடைசியில் ஐந்தொகை எடுக்கும்போது விற்காத சரக்கையும் எண்ணித்தான் எழுதுகிறோம். நம் பிள்ளைகளின் காத்திருப்பையும் அவ்விதமே எடுத்து எண்ணுவோம். அழைத்தால் மெய்யாகவே போவார்களா? எந்தத் தேதி வரை? அதுவரை ஆகும் செலவு யாருடையது? பிறருடையதானால் அவருக்குச் சொல்லியாயிற்றா? இந்த நான்குக்கும் நேரான பதில் இருந்தால் நிற்கட்டும், நிற்பதில் வெட்கமில்லை. பதில் இல்லையென்றால், பெயரை எடுப்பதற்கு இன்றே நல்ல நாள். பின்னால் நிற்கும் பிள்ளையும் ஒரு தாய் பெற்ற பிள்ளைதான்.