பந்தயப் பாதையும் ஆராய்ச்சி மணியும்

போட்டியே முன்னேற்றத்தின் தாய் என்பது நம் காலத்து வேதவாக்குகளுள் ஒன்று. வகுப்பறையிலும் சந்தையிலும் தேர்தல் மேடையிலும் இதனை ஓதாதவர் இல்லை. போட்டியைத் தடையின்றி நடக்கவிட்டால் போதும். வல்லவன் முன்னே வருவான், வல்லமை வளரும், அதன் பயன் எல்லோரையும் வந்தடையும் என்பது இவர்கள் வாதம். இவ்வாதத்தை உரைத்துப் பார்க்க வேண்டுமாயின், போட்டியைத் தவிர வேறு நோக்கமே இல்லாத ஒரு துறையை உரைகல்லாகக் கொள்வது தகும். மோட்டார்ப் பந்தயம் அத்தகைய துறை.

இலக்கணமும் இலக்கியமும் கற்பிக்கும் ஆசிரியருக்குப் பந்தயக் காருடன் என்ன உறவு என்று வாசகர் வினவலாம். அவ்வுறவை உண்டாக்கியது எமது ஊர்ப் பாதை. களனிவெளிச் சிறு ரயில் ஒருகாலத்தில் ஓப்பநாயக்க வரை வந்து நின்றது. 1970களில் அதுவும் இல்லாமற்போனபின், எம் தோட்டத்து மக்களுக்கு வெளியுலகம் என்பது இரத்தினபுரியிலிருந்து பெல்மதுளை வழியாக வந்து பலாங்கொடைக்குச் செல்லும் தார்ப்பாதை ஒன்றே. அப்பாதையே மேலும் சென்று, பெரகலையில் பிரிந்து, அப்புத்தளை ஏறித் தியத்தலாவைக்கும் வழிவிடுகிறது. 2024 ஏப்ரல் 21, ஞாயிற்றுக்கிழமை. சித்திரைப் புத்தாண்டின் களிப்பு இன்னும் அடங்காத நாள். விடியுமுன்பே வான்களும் பஸ்களும் எம் சந்தியைக் கடந்து மேலே சென்றன. ஐந்து ஆண்டு இடைவெளிக்குப்பின் தியத்தலாவையில் பொக்ஸ் ஹில் பந்தயம் நடைபெறவிருந்தது. லயத்து இளைஞர் சிலரும் ஒரு வானைப் பிடித்துக்கொண்டு போயினர். எமது தரம் பத்து மாணவன் ஒருவனும் அவர்களோடு தொற்றிக்கொண்டான்.

அன்று அங்கு நிகழ்ந்ததை நாடறியும். ஓடிய கார் ஒன்று பாதையை விட்டு விலகிக் கூட்டத்துள் பாய்ந்தது. எழுவர் மாண்டனர். மாண்டவருள் பந்தய உதவியாளர்களும் இருந்தனர். எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியும் இருந்தாள். இருபதுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். பந்தயம் அத்துடன் நிறுத்தப்பட்டது.

எமது மாணவன் வேறோர் இடத்தில் நின்றதனால் உயிரோடு மீண்டான். விடுமுறை முடிந்து வந்தவனிடம், "ஏன் அப்பா அவ்வளவு கிட்டப் போய் நிற்கிறீர்கள்?" என்று கேட்டோம். "முன்னுக்கு நின்னாத்தான் சேர் தெரியும். பின்னுக்குப் போனா தூசி மட்டுந்தான்" என்றான். தொலைக்காட்சியில் உலகப் பெரும் பந்தயங்களை ஆபத்தின்றிப் பார்க்கலாமே என்றோம். அவன் சிரித்தான். "அதுல யார் வெல்லுவான்னு முன்னமே தெரியும் சேர்."

இவ்விரு விடைகளும் நெடுநாள் எம் மனத்தை விட்டகலவில்லை. இன்றைய மோட்டார்ப் பந்தயத்தின் நிலை முழுவதும் இவற்றுள் அடங்கியிருப்பதாகவே தோன்றியது.

முதலில் இரண்டாம் விடையை எடுத்துக்கொள்வோம். போர்மியூலா வன் என்னும் பந்தயம் உலகிலேயே உயர்ந்ததெனப் புகழப்படுவது. அங்கே 1988ஆம் ஆண்டில் 16 பந்தயங்கள் நடந்தன. 15 பந்தயங்களை மக்லரன் என்னும் ஒரே குழு வென்றது. 2023இல் 22 பந்தயங்கள்; 21ஐ ரெட் புல் குழு வென்றது. அவற்றுள் 19 வெற்றி வெர்ஸ்டப்பன் என்ற ஒருவருடையது. ஓட்டுநரின் திறமையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் அத்திறமை எத்தகைய இயந்திரத்தின்மேல் அமர்ந்திருக்கிறது என்பதே முடிவைப் பெரிதும் தீர்மானிக்கிறது. வென்றவனுக்குப் பரிசும் விளம்பரமும் குவிகின்றன. அப்பணம் ஆய்வுகூடத்துக்கும் பொறியியலாளருக்கும் போகிறது. அதனால் அடுத்த ஆண்டுக் கார் இன்னும் விரைகிறது. மீண்டும் வெற்றி, மீண்டும் பணம். இங்ஙனம் தடையின்றி நடந்த போட்டி, முடிவில் போட்டியே இல்லாத நிலையைப் பெற்றெடுக்கிறது. சந்தையில் ஏகபோகம் பிறக்கும் கதையும் இதுவேயன்றோ?

போட்டி செத்த இடத்தில் மக்களின் ஆர்வமும் நெடுநாள் தங்குவதில்லை. இந்தியாவில் கிரேட்டர் நொய்டாவில் பெரும் பொருட்செலவில் ஓடுபாதை அமைத்து, 2011 முதல் 2013 வரை மூன்று முறை போர்மியூலா வன் பந்தயம் நடத்தினர். மூன்று ஆண்டும் வென்றவர் செபஸ்டியன் வெட்டல் என்ற ஒருவரே. முதலாண்டில் நிறைந்த இருக்கைகள் பின்னர் குறைந்தன. வரித் தகராறும் சேர்ந்துகொள்ள, பந்தயம் அந்நாட்டை விட்டே போயிற்று. இதற்கு மாறாக, சென்னைக்கு வடக்கேயுள்ள சோழவரத்தை எண்ணிப் பாருங்கள். உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளம் அது. வசதியென்று சொல்ல அங்கு ஒன்றுமில்லை. எனினும் பல ஆண்டுகள் மக்கள் வெயிலில் திரண்டு நின்று, வீதியில் ஓடும் பியட்டையும் ஹெரால்டையும் போன்ற கார்கள் பந்தயக் கார்களாய் மாறி ஒன்றையொன்று முந்தும் காட்சியைக் கண்டுகளித்தனர். 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் முறையான ஓடுபாதை அமைந்தது. பாதை சீர்பட்டது, சோழவரத்துத் திருவிழாக் கூட்டமோ திரும்பவில்லை. 2024இல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி நகர வீதிகளையே மூடி இரவுப் பந்தயம் நடத்த நேர்ந்தமை, மக்களைத் தேடிப் பந்தயம் வந்த கதையாகும்.

நம் நாட்டிலும் இம்மாற்றத்தைக் காணலாம். நுவரெலியாவில் மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் 1934இல் தொடங்கியது. தேயிலைத் தோட்டத்துப் பாதையில் கார்கள் ஒவ்வொன்றாகக் கடிகாரத்துக்கு எதிராக ஏறின. ஓட்டியோர் துரைமாரும் செல்வரும். பாதையை வெட்டியவர் யாரென்று நாம் சொல்ல வேண்டியதில்லை. அது மேன்மக்கள் விளையாட்டாகவே பிறந்தது. பிற்காலத்தில் மண் பாதையில் நடக்கும் சுப்பர் குரோஸ் பந்தயங்கள் பெருகியபோதுதான் மோட்டார்ப் பந்தயம் பொதுமக்கள் திருவிழாவாயிற்று. காரணம் எளிது. மலைச்சரிவில் நின்றால் ஓட்டத்தின் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியும். பழைய மினிக்கும் போர்ட் லேசருக்கும் தனித்தனிப் பிரிவு உண்டு. ஒரே வகைக் கார்கள் ஒன்றோடொன்று மோதுவதனால் யார் வெல்வார் என்பது கடைசி வளைவு வரை விளங்காது. எம் தோட்டத்துப் பையன் கராஜில் வேலை பழகும்போது கழற்றிப் பூட்டும் அதே எஞ்சின் அங்கே உறுமுகிறது. தன் உலகத்துப் பொருள் ஒன்று வெற்றி பெறுவதைக் காண அவன் இரவோடிரவாக வான் ஏறுவதில் வியப்பென்ன?

ஆனால் இங்குதான் மாணவனின் முதல் விடை நம்மை மறிக்கிறது. முன்னே நின்றால்தான் தெரியும்.

மோட்டார்ப் பந்தய வரலாற்றில் சட்டங்கள் பல குருதியால் எழுதப்பட்டவை. 1955இல் பிரான்சின் லெ மான் நகரில் கார் ஒன்று கூட்டத்துள் சிதறி 80க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பந்தயமோ குறித்த நேரம் வரை ஓடி முடிந்தது. சுவிற்சர்லாந்து ஓடுபாதைப் பந்தயங்களையே தடைசெய்தது. 1957இல் இத்தாலியின் மில்லே மில்யா வீதிப் பந்தயத்தில் குழந்தைகள் உட்படப் பார்வையாளர் ஒன்பதின்மர் இறந்த பின்னரே அப்பந்தயம் கைவிடப்பட்டது. 1986இல் போர்த்துக்கல்லில் பாதையை நெருக்கி நின்ற கூட்டத்துள் கார் பாய்ந்தது. அதே ஆண்டில் ஓட்டுநர் மரணமும் தொடர, பி பிரிவு எனப்பட்ட அதிவேக ரலிக் கார்கள் விலக்கப்பட்டன. 1994இல் அயர்ட்டன் சென்னா மாண்ட பின்னர் போர்மியூலா வன்னில் ஓட்டுநர் மரணம் மிக அரிதாயிற்று. பணம் உள்ள இடத்தில் அறிவு செலவழிக்கப்பட்டது. சுவர் எழுந்தது, வேலி எழுந்தது.

ஆகவே நாம் காண்பது ஒரு கொடிய முரண்பாடு. செல்வம் சேர்ந்த பந்தயத்தில் காவல் இருக்கிறது, போட்டி தேய்கிறது. எளியோர் கூடும் பந்தயத்தில் போட்டி உயிரோடிருக்கிறது. பார்ப்பவர் உயிருக்குத்தான் உறுதி குறைவு. இதனை இயற்கையின் விதியென்று ஏற்பதா?

சிலர் ஏற்கச் சொல்கின்றனர். எவரும் அவர்களைக் கையைப் பிடித்து இழுத்து முன்வரிசையில் நிறுத்தவில்லை, தாமே விரும்பிச் சென்றனர், விளைவும் அவர்களுடையதே என்கின்றனர். இதில் ஓரளவு உண்மை உண்டென்பதை மறுப்பதற்கில்லை. எமது மாணவனும் தானாகவேதான் சென்றான். எனினும் இருவர் துணிவை ஒரே தராசில் வைப்பது அறமாகாது. ஓட்டுநர் தலைக்கவசம் அணிகிறார், வாரால் தம்மைப் பிணித்துக்கொள்கிறார், இரும்புக் கூட்டுக்குள் அமர்கிறார். தாம் ஏற்கும் ஆபத்தின் அளவும் அவருக்குத் தெரியும். அவரைப் பார்க்க வந்தவரிடம் உள்ளது ஒரு தொப்பி. எட்டு வயதுச் சிறுமி எதைத் தேர்ந்தெடுத்தாள்? பின்னே நின்றால் தூசி, முன்னே நின்றால் ஆபத்து என்னும் இரண்டைத் தவிர வேறு வழி வைக்காமல், தேர்ந்தெடுத்தவன் நீயே என்பது நீதியின் மொழியன்று.

வேறு சிலர், விதிகளைப் பெருக்கினால் பந்தயத்தின் உயிர் போய்விடும் என்பர். நடந்தது இதற்கு நேர்மாறு. மலையேற்றப் பந்தயத்தில் எஞ்சினின் கொள்ளளவுக்கேற்பப் பிரிவு வகுத்ததும் விதியே. அதனால்தான் சிறு காருக்கும் வெற்றி வாய்த்தது. போர்மியூலா வன்னிலும் குழுக்களின் செலவுக்கு 2021 முதல் உச்சவரம்பு விதித்தனர். உடனே பலித்துவிடவில்லை, 2023இன் ஆதிக்கம் அதற்குப் பின்னரே நேர்ந்தது. ஆயினும் 2024இல் ஏழு வெவ்வேறு ஓட்டுநர் வென்றனர். குழுக்களுக்கான பட்டம் கைமாறியது. அதற்கு அவ்வரம்பு மட்டுமே காரணம் என்று நாம் கூறத் துணியோம். ஆனால் தனக்கு வேண்டிய சமநிலையைப் போட்டி தானே படைத்துக்கொள்வதில்லை, மனிதர் கூடி அதனை வகுத்துக் காக்க வேண்டும் என்பதைப் பந்தயத்தை நடத்துவோரே ஒப்புக்கொண்டுவிட்டனர். சந்தையின் புரோகிதர்கள் இன்னும் ஒப்பவில்லை.

நாம் ஆசிரியர். எமது மாணவர் எழுதும் பரீட்சையும் ஒரு பந்தயம்தான். விஞ்ஞானத்துக்கு ஆசிரியரில்லாத தோட்டப் பாடசாலைப் பிள்ளையும், ஆய்வுகூடமும் தனி வகுப்பும் வாய்த்த நகரத்துப் பிள்ளையும் ஒரே நாளில் ஒரே வினாத்தாளைப் பெறுகின்றனர். கொடி அசைக்கப்படுகிறது. பின்னர் முடிவைப் பார்த்து, வல்லவன் வென்றான் என்கிறோம்.

தேர்க்காலில் கன்றைக் கொன்ற அரசகுமாரனின் கதையை வகுப்பில் ஆண்டுதோறும் சொல்கிறோம். அதே கதையை மகாவம்சமும் எல்லாள மன்னனைப் பற்றிக் கூறுகிறது. தமிழ்ப் பிள்ளையும் சிங்களப் பிள்ளையும் ஒருங்கே கேட்டு வளரும் அறக்கதைகள் பல இல்லை; இது ஒன்று. தேர் விரைந்ததும் உண்மை, கன்று குறுக்கே வந்ததும் உண்மை. ஆயினும் அம்மன்னன், கன்றைப் பாதையில் விட்டது யார் என்று பசுவைக் கேட்கவில்லை. வேகம் எவனுடையதோ, பொறுப்பும் அவனுடையது என்று தீர்த்தான். மகனைக் கொன்ற அத்தண்டனை இன்று நமக்கு வேண்டாம். அந்த மணி வேண்டும். அதன் கயிறு எளியவருக்கு எட்டும் உயரத்தில் தொங்க வேண்டும்.

எமது மாணவன் அடுத்த பந்தயத்துக்கும் போக விரும்புகிறான். போகாதே என்று சொல்ல எமக்கு மனமில்லை. அவன் நாடுவது நல்ல போட்டியை. முன்னே நிற்காதே என்றோம். "பின்னுக்கு நின்னா தெரியாதே சேர்" என்றான் மறுபடியும். அதற்கு அவனிடம் கூற எம்மிடம் விடையில்லை. பின்னே நிற்பவனுக்கும் தெரியும்படி மேட்டைக் கட்டுவது அவன் கடமையன்று, நம்முடையது.