கணக்கு படிக்க எங்கே போவது?

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் 'பி.காம். படிக்கணும், பி.பி.ஏ. படிக்கணும், எந்தக் காலேஜ்ல சேரலாம்?' என்று கேட்டு வருகிற சேரிப் பிள்ளைகளுக்கு நம் பெரியவர்களிடமிருந்தும் இயக்கத் தோழர்களிடமிருந்தும் இரண்டு பதில்கள் கிடைக்கின்றன. 'கெடைக்கிற எடத்துல சேரு' என்பது ஒன்று. 'அதெல்லாம் மொதலாளி படிப்பு, சட்டம் படி, சமூகவியல் படி' என்பது இன்னொன்று. முதல் பதில் பிள்ளையின் விருப்பத்தை ஒரு பொருட்டாகவே மதிப்பதில்லை. இரண்டாவது பதில் அந்த விருப்பத்தைக் குற்றமாக்கிவிடுகிறது. ஒரு சேரிப் பிள்ளை வணிகம் படிக்க ஒரு கல்லூரியைத் தேர்ந்தெடுப்பது என்றால் என்ன, அதில் நியாயம் எது, அநியாயம் எது என்று நிதானமாக யோசிக்க வேண்டியிருக்கிறது.

முதலில் அந்த 'மொதலாளி படிப்பு' என்கிற ஏளனத்தை எடுத்துக்கொள்வோம்.

கணக்கு என்பது இந்த நாட்டில் வெறும் எண் சமாச்சாரமாக ஒருநாளும் இருந்ததில்லை. ஊர்க் கணக்கு எழுதும் கர்ணம் வேலை தலைமுறை தலைமுறையாகச் சில குடும்பங்களின் சொத்தாக இருந்தது. தமிழ்நாட்டில் அந்தப் பரம்பரைப் பதவி 1980இல்தான் ஒழிந்தது. அதே ஊர் நிர்வாகத்தில் நமக்கென்று வைத்திருந்தது வெட்டியான் வேலையும் தோட்டி வேலையும். கணக்கு எழுதுகிறவன் ஒரு சாதி, கணக்கில் எழுதப்படுகிறவன் ஒரு சாதி. பண்ணையாள் வாங்கிய நெல்லும் பணமும் ஆண்டை வீட்டு நோட்டில் ஏறும். எவ்வளவு ஏறியது, எவ்வளவு கழிந்தது என்று பார்க்க வாங்கியவனுக்கு எழுத்து தெரியாது. அப்பன் வாங்கின கடன் பிள்ளை தலையில் விடியும். 1892இல் ஆங்கில அரசு நமக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலத்தை மற்ற சாதியாருக்கு விற்கக் கூடாது என்று நிபந்தனையே இருந்தது. அப்படியும் கைமாறிப் போனது. கம்பும் கத்தியும் காட்டிப் பிடுங்கியது பாதி என்றால், கடன் பத்திரமும் கைநாட்டும் காட்டிப் பிடுங்கியது மீதி. அந்த நிலத்தைத் திருப்பிக் கேட்டதற்குத்தான் 1994இல் காரணையில் ஜான் தாமஸையும் ஏழுமலையையும் துப்பாக்கிச் சூட்டில் பறிகொடுத்தோம்.

இன்றைக்கும் பாருங்கள். தனித்தொகுதிப் பஞ்சாயத்தில் நம் பெண் தலைவியாக ஜெயித்து வருகிறாள். கணக்கு நோட்டு துணைத் தலைவர் வீட்டிலோ கிளார்க் கையிலோ இருக்கிறது. செக்கில் கையெழுத்துப் போட மட்டும் அவளைக் கூப்பிடுகிறார்கள். நாளைக்குத் தணிக்கையில் தப்பு வந்தால் மாட்டுகிறவளும் அவள்தான். பற்று எது, வரவு எது, பேரேடு எப்படி எழுதுவது என்று நம் வீட்டுப் பொண்ணு படிப்பது முதலாளியாகும் கனவுக்காக மட்டும் என்று யார் சொன்னது? ஏமாறாமல் இருப்பதற்கும் அந்தப் படிப்பு வேண்டும்.

2002இல் போபால் பிரகடனம் வந்தது. 2005இல் தலித் தொழில் வர்த்தக சபை தொடங்கப்பட்டது. அதிலிருந்து 'தலித் முதலாளியம்' பற்றிய வாதம் நம்மிடையே நடந்துகொண்டிருக்கிறது. பத்துப் பேர் முதலாளியானால் சேரி விடிந்துவிடுமா என்று கேட்பவர்களின் கேள்வி நியாயமானது. அந்த வாதம் நடக்கட்டும். அது முடிகிற வரைக்கும் பதினேழு வயசுப் பிள்ளையின் அப்ளிகேஷன் காத்திருக்க முடியாது. ஆதிக்க சாதிக்காரர் வீட்டுப் பையன் பி.பி.ஏ. சேரும்போது 'இதனால் உன் சமூகத்துக்கு என்ன லாபம்?' என்று யாரும் கேட்பதில்லை. நம் பிள்ளையிடம் மட்டும் சேரும்போதே அந்தக் கணக்கை ஒப்படைக்கச் சொல்வதிலும் ஒரு தீண்டாமை இருக்கிறது.

வணிகமும் கணக்கும் நமக்குப் புதிதும் இல்லை. இரட்டைமலை சீனிவாசன் நீலகிரியில் ஐரோப்பியர்களின் வணிக நிறுவனங்களில் கணக்கராக வேலை பார்த்தவர். பிறகு சென்னைக்கு வந்து 1893இல் 'பறையன்' பத்திரிகையைத் தொடங்கினார். கோயம்புத்தூரில் கல்லூரி மாணவராக இருந்த காலத்தைப் பற்றி அவர் 1939இல் வெளியிட்ட தன் வாழ்க்கைச் சுருக்கத்தில் சொல்கிறார். சுமார் நானூறு பேரில் பத்துப் பேர் தவிர மற்றவர்கள் பிராமணர்கள். தன் சாதி தெரிந்துவிடுமோ என்று பயந்து, மணி அடிக்கும்வரை பள்ளிக்கு வெளியிலேயே இருந்துவிட்டு அப்புறம் வகுப்புக்குள் போயிருக்கிறார். அம்பேத்கர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளியல் படித்து 1915இல் எம்.ஏ. வாங்கினார். பம்பாய் திரும்பியதும் பங்கு முதலீட்டுக்கு ஆலோசனை சொல்லும் தொழில் ஒன்றை நடத்திப் பார்த்தார். ஆலோசனை சொல்கிறவர் தீண்டப்படாதவர் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் வருவது நின்றது என்று அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். 1918இல் பம்பாய் சிடன்ஹாம் வணிகக் கல்லூரியில் அரசியல் பொருளாதாரப் பேராசிரியரானார். அங்கே சக பேராசிரியர்கள் குடிக்கும் பானையில் அவர் தண்ணீர் எடுத்துக் குடிப்பதற்கு எதிர்ப்பு கிளம்பியது. வணிகக் கல்லூரியின் ஆசிரியர் அறையிலேயே இதுதான் நிலைமை.

இந்த இரண்டு பேரின் அனுபவத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் 'நல்ல காலேஜ்' என்கிற சொல்லை அணுக வேண்டும்.

திண்டிவனம் பக்கத்துக் காலனியில் எனக்குத் தெரிந்த ஒரு பொண்ணு. அப்பா கட்டட வேலை, அம்மா நூறு நாள் வேலை. பிளஸ் டூவில் வணிகவியல், கணக்குப்பதிவியல் எடுத்து நன்றாகவே மார்க் வாங்கியிருந்தாள். அவள் முன்னால் மூன்று இடம் இருந்தது. பஸ்ஸில் ஒரு மணி நேர தூரத்தில் அரசு கலைக் கல்லூரி, பி.காம். டவுனில் பேர்பெற்ற அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் பி.பி.ஏ. சென்னையை ஒட்டி ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகம். அதற்கு ஆள் பிடிக்கிற ஏஜெண்ட் ஒருவர் வீட்டுக்கே வந்துவிட்டார். 'ஸ்காலர்ஷிப் வரும்மா, ஒரு பைசா கட்ட வேணாம், லேப்டாப் குடுப்பாங்க' என்றார்.

மூன்றும் ஒரே தராசில் நிறுக்கக் கூடியவை இல்லை. அரசுக் கல்லூரியிலும் உதவி பெறும் பாடப்பிரிவிலும் மாநில இடஒதுக்கீடு நடக்கிறது. 69 விழுக்காட்டில் பட்டியல் சாதியினருக்கு 18. அதற்குள் 3 விழுக்காடு 2009 முதல் அருந்ததியருக்கு உள்ஒதுக்கீடு. ஆனால் பேர்பெற்ற கல்லூரிக்குள்ளேயே இரண்டு கல்லூரி இருக்கும். காலை ஷிப்டில் அரசு சம்பளம் தரும் பாடப்பிரிவுகள். மாலை ஷிப்டில் சுயநிதிப் பிரிவுகள். பி.பி.ஏ. பல இடங்களில் இந்த இரண்டாவது வகைதான். வாசலில் தொங்கும் பேர்ப்பலகை ஒன்று, ஃபீஸ் ரசீது வேறு. நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் நம்முடைய 18 விழுக்காடு பெரும்பாலும் வாசலுக்கு வெளியிலேயே நின்றுவிடும்.

ஸ்காலர்ஷிப் பொய் இல்லை. பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்களுக்கான மத்திய அரசின் உதவித்தொகை 1944இல் தொடங்கியது. சுயநிதிக் கல்லூரிகளில் சேரும் ஆதிதிராவிட, பழங்குடி, கிறிஸ்தவ ஆதிதிராவிட மாணவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கும் என்று தமிழக அரசு 2012இல் 92ஆம் எண் அரசாணை போட்டது. இரண்டிலும் வருமான வரம்பு உண்டு. ஆனால் நிர்வாக ஒதுக்கீட்டு சீட்டுக்கு அந்தப் பணம் வராது. அரசு நிர்ணயித்த கட்டணத்துக்கு மேல் கல்லூரி போடும் பேருந்துக் கட்டணம், 'பயிற்சி'க் கட்டணத்துக்கும் வராது. வருகிற பணமும் தாமதமாக வரும். அதுவரை ஹால் டிக்கெட்டைப் பிடித்து வைத்துக்கொள்வார்கள். ஏஜெண்ட் இதில் எதையும் சொல்லவில்லை. அந்தப் பொண்ணுக்குக் கொடுக்கவிருந்தது எந்த ஒதுக்கீட்டு சீட்டு என்று கேட்டதும், 'மேனேஜ்மெண்ட்தான், ஆனா பாத்துக்கலாம்' என்றார். 'பாத்துக்கலாம்' என்கிற சொல்லுக்கு வட்டி எவ்வளவு என்று நம் ஊர் மக்களுக்குத் தெரியும்.

அடுத்தது வேலை. வணிகக் கல்லூரிகள் இன்று தங்களை விற்பதே 'பிளேஸ்மெண்ட்' என்ற சொல்லை வைத்துத்தான். இத்தனை பேருக்கு வேலை, இத்தனை லட்சம் சம்பளம் என்று போர்டு வைக்கிறார்கள். யாருக்குக் கிடைத்தது என்று போர்டில் இருக்காது. சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெலும் செய்து 2007இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஒரே மாதிரித் தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றித் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பினார்கள். சாதி இந்துப் பெயருக்கு வந்த அளவு நேர்காணல் அழைப்பு தலித் பெயருக்கு வரவில்லை. தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதி போடுவதில்லை என்று நாம் பெருமைப்பட்டுக்கொள்கிறோம். அதனால் இங்கே 'உங்க ஊர் எது, எந்தத் தெரு, அப்பா என்ன பண்றார்?' என்று சுற்றி வளைத்துக் கேட்கிறார்கள். அப்பாவுக்குக் கடை இருக்கிற பையனுக்கு பி.பி.ஏ. பட்டம் கடையில் மாட்டுகிற படம். நம் பிள்ளைக்கு அந்தப் பட்டம்தான் மொத்த முதலீடும். ஆகவே பிளேஸ்மெண்ட் போர்டு இரண்டு பேருக்கும் ஒரே செய்தியைச் சொல்லவில்லை.

இங்கேதான் கஷ்டமான கேள்வி வருகிறது. பெரிய கல்லூரியில் அவமானம் இருக்கும், கடன் இருக்கும், ஆகவே பக்கத்து அரசுக் கல்லூரிதான் நமக்கு என்று சொல்லிவிடலாமா? சொன்னால், எந்த இடத்திலிருந்து நம்மை விரட்டினார்களோ அந்த இடத்தை நாமே விட்டுக்கொடுத்ததாக ஆகாதா? தண்ணீர்ப் பானைக்காக அம்பேத்கர் சிடன்ஹாம் வேலையை உதறவில்லை. சம்பளத்தில் மிச்சம் பிடித்து, கோலாப்பூர் மன்னரிடமும் நண்பரிடமும் உதவி பெற்று, 1920இல் லண்டனில் பாதியில் விட்ட படிப்பை முடிக்கத்தான் அதை விட்டார். அப்படியானால் அவமானத்தைத் தாங்கிக்கொண்டு படி என்று பிள்ளையை அனுப்புவதுதான் போராட்டமா? 2016இல் ஹைதராபாத்தில் ரோஹித் வெமுலாவை இழந்த பிறகு, 2017இல் டெல்லியில் சேலத்துப் பிள்ளை முத்துக்கிருஷ்ணனை இழந்த பிறகு, 'தாங்கிக்கோ' என்று சுலபமாகச் சொல்லும் வாய் யாருக்கு இருக்கிறது?

எனக்குப் படுவது இதுதான். துணிவை ஒரு பிள்ளை தனக்காக எடுத்துக்கொள்ளலாம். அடுத்தவர் அந்தத் துணிவை அதன் மேல் சுமத்தக் கூடாது. அடிபடுகிற உடம்பு யாருடையதோ, முடிவும் அவர்களுடையது. அதேபோல, பயத்தையும் நாம் அதன் மேல் சுமத்தக் கூடாது. 'நமக்கு எதுக்கு அந்தக் காலேஜ்' என்று சொல்வதும் ஆண்டை சொன்னதைத்தான் நம் வாயால் திருப்பிச் சொல்வது. முடிவு பிள்ளையுடையது என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்வதும் சரியில்லை. விவரம் தெரியாமல் எடுக்கும் முடிவு, பத்திரத்தைப் படிக்காமல் வைக்கும் கைநாட்டு மாதிரி. முடிவெடுக்க வேண்டியது பிள்ளை. அந்த முடிவு கைநாட்டாக ஆகாமல் பார்த்துக்கொள்ள வேண்டிய கடமை நம்முடையது.

அதற்குக் கல்லூரி வாசலில் போய்ச் சில கேள்விகளைக் கேட்க வேண்டும். இந்தப் பாடப்பிரிவு அரசு உதவி பெறுவதா, சுயநிதியா? சீட்டு எந்த ஒதுக்கீடு? அதை எழுத்தில் தருவீர்களா? உதவித்தொகை வரத் தாமதமானால் பரீட்சை எழுத விடுவீர்களா? போன மூன்று வருஷத்தில் எத்தனை எஸ்.சி. பிள்ளைகள் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது? பல்கலைக்கழக மானியக் குழு 2012இல் விதி போட்ட சமவாய்ப்புப் பிரிவு உங்களிடம் இருக்கிறதா, அதில் யார் இருக்கிறார்? தங்குவதற்கு ஆதிதிராவிடர் நல விடுதி (2025இல் சமூகநீதி விடுதி என்று பேர் மாற்றியிருக்கிறார்கள்) நடக்கிற தூரத்தில் உண்டா? எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வியை அங்கே படிக்கிற நம் பிள்ளைகளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும்: 'இங்க உன் ஊர்ப் பேரைச் சொல்லிக்கிட்டுப் படிக்க முடியுதா?' சீனிவாசன் மணி அடிக்கும்வரை வெளியே நின்ற மாதிரி யாராவது இன்னும் நின்றுகொண்டிருந்தால், அதைத் தெரிந்துகொண்டு போவது வேறு, தெரியாமல் போவது வேறு.

அந்தத் திண்டிவனத்துப் பொண்ணு இந்தக் கேள்விகளோடு மூன்று இடத்துக்கும் போனாள். கூட அவள் அம்மாவும், அரசுக் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிற ஒரு அக்காவும் போனார்கள். கடைசியில் அரசுக் கல்லூரி பி.காம். சேர்ந்தாள். 'டிகிரிய அங்க முடிக்கிறேன். எம்.பி.ஏ.க்குப் பெரிய எடத்துக்குத்தான் போவேன், அப்ப வந்து யாரும் தடுக்கக் கூடாது' என்றாள். அவள் பெரிய கல்லூரியைத் தேர்ந்தெடுத்திருந்தாலும் எனக்கு மறுப்பு இருந்திருக்காது. கேட்டுத் தெரிந்துகொண்டு எடுத்த முடிவு என்பதுதான் முக்கியம்.

இந்த வேலையை ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியாகச் செய்ய முடியாது. ஏஜெண்டுக்குக் கமிஷன் இருப்பதால் அவன் தெருத்தெருவாக வருகிறான். நாமும் போக வேண்டும். அம்பேத்கர் ஜெயந்திக்கு மேடை போடுகிற காலனி இளைஞர்கள், அது முடிந்து மே மாதத்தில் ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் போட்டு உட்காரலாம். சுற்று வட்டாரக் கல்லூரிகளில் எந்தப் பாடப்பிரிவு எந்த வகை, எங்கே நம் பிள்ளைகள் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கலாம். வருஷா வருஷம் அதைத் திருத்தலாம். இத்தனை காலமும் நம்மைப் பற்றி அடுத்தவன் கணக்கு எழுதினான். கல்லூரிகளைப் பற்றி நாம் ஒரு பேரேடு எழுத ஆரம்பிப்போம். முதல் பக்கத்தை எழுத பி.காம். படிக்கிற நம் பிள்ளைகளையே கூப்பிடுவோம்.