இல்லப் புனைவும் பழுதும்: ஸ்ரீரங்கப்பட்டணச் சுவரோவியத்தை முன்வைத்து ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

தான் வாழும் இடத்தை அழகுபடுத்திக்கொள்வது மனிதனின் தொன்மையான வழக்கம். அவ்வழகு குறையற்றதாக இருத்தல் வேண்டுமா என்னும் வினா அழகியலோடு முடிந்துவிடுவதில்லை. சுவரில் விழுந்த வெடிப்பை மறைப்பதா, தேய்ந்த வாயிற்படியை மாற்றுவதா, பாட்டனார் அமர்ந்த சாய்வு நாற்காலியின் கீறலை அப்படியே விட்டுவைப்பதா என்று முடிவு செய்கையில், செய்த கையையும் வாழ்ந்தோரையும் நாம் எவ்வாறு மதிக்கிறோம் என்பதும் உடன் வெளிப்படுகிறது. உடைந்த மட்கலத்தை அரக்கால் ஒட்டி, ஒட்டிய கோட்டில் பொன்துகள் தூவும் ஜப்பானியரின் கின்ட்சுகி முறை இன்று உலகெங்கும் எடுத்துக்காட்டப்படுகிறது. 'குறையை ஏற்றல்' என்பது வீட்டு அலங்காரத் துறையில் ஒரு கொள்கையாகவே பேசப்படுகிறது. எக்குறை ஏற்கத்தக்கது, எது தகாதது என்பதை, ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகையின் சுவரோவியத்தைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

புரையும் புண்ணும்

தமிழ் மரபு குறையைக் கொண்டாடிய மரபன்று. நக்கீரரின் நெடுநல்வாடை, கோல் நட்டு நிழல் நோக்கித் திசை தெளிந்து, நூலிட்டு அளந்து எழுப்பிய அரண்மனையை விரிவாகக் காட்டுகிறது. அதன் கதவில் இடைவெளி தோன்றாதவாறு கைதேர்ந்த தச்சன் முடுக்கியமையைக் கூறுமிடத்து, இடைவெளியைக் குறிக்கும் சொல்லாகப் 'புரை' ஆளப்படுகிறது. அதே சொல்லைத் திருக்குறளின் வாய்மை அதிகாரம் குற்றம் என்னும் பொருளில் வழங்குகிறது. தச்சனின் இணைப்பில் உள்ள வெளியையும் மனிதனின் ஒழுக்கத்தில் உள்ள குற்றத்தையும் ஒரே சொல்லால் குறித்த மொழியில், பொருளைச் செம்மையாகச் செய்வது ஓர் அறமாகவே கருதப்பட்டது எனலாம்.

ஆயினும் அந்நூலே மற்றொன்றையும் உணர்த்துகிறது. புரையற்ற அம்மாளிகையில், நுண்ணிய வேலைப்பாடமைந்த கட்டிலில், தலைவனைப் பிரிந்த அரசி அணிகளைக் களைந்து வாடியிருக்கிறாள். வண்ணம் தீட்டப்பெறாத ஓவியத்துக்குப் புலவர் அவளை ஒப்பிடுகிறார். எல்லாம் நிறைந்த வீட்டில் நிறைவெய்தாதிருப்பது அவள் உள்ளம் ஒன்றே. வீட்டின் செம்மை வேறு, வாழ்வின் நிறைவு வேறு என்பது இதனால் புலனாகிறது.

குறைகளை வேறுபடுத்தும் அளவுகோலும் நம் மரபில் உண்டு. மார்பில் பட்ட புண் விழுப்புண் எனப் போற்றப்பட்டது; முதுகில் பட்ட புண் நாணத்துக்குரியதாயிற்று. வெண்ணிப் போரில் புறப்புண் பட்ட சேரன் வடக்கிருந்து உயிர்துறந்ததைப் புறநானூறு பதிவு செய்கிறது. இரண்டும் உடலில் நேர்ந்த ஊறுகளே; அவை வந்த வழியே மதிப்பை நிர்ணயித்தது. இல்லத்தின் குறைகளுக்கும் இவ்வளவுகோலைப் பொருத்திப் பார்க்கலாம்.

குறையின் மூவகை

முதலாவது, கையால் வரும் குறை. ஆத்தங்குடியில் தரைக்கற்கள் செய்வோர் கண்ணாடித் தகட்டின்மேல் அச்சை வைத்து, வண்ணச் சிமெண்டுக் குழம்பைக் கையால் ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் இட்டு, பின் நீரில் ஊறவைத்து எடுக்கின்றனர், சூளையில் சுடுவதில்லை. ஆகவே ஒரு கல்லின் பூக்கோடு மற்றொரு கல்லின் கோட்டை முற்றும் ஒத்திருப்பதில்லை. அவ்வேறுபாட்டை நீக்க வேண்டுமாயின் செய்பவரின் கையையே நீக்க வேண்டும். 'வெனிசின் கற்கள்' நூலின் 1853ஆம் ஆண்டு வெளிவந்த இரண்டாம் தொகுதியில் ஜான் ரஸ்கின் முன்வைத்த வாதமும் இதுவே: வேலையில் முழு ஒழுங்கை மட்டுமே வற்புறுத்துவது வேலை செய்பவரைக் கருவியாக்குகிறது.

இரண்டாவது, காலத்தால் வரும் குறை. தலைமுறைகளின் காலடியால் குழிந்த படி, கைபட்டு மெருகேறிய கதவுப்பிடி போன்றவை வாழ்ந்தோர் விட்டுச்சென்ற சான்றுகள்.

மூன்றாவது, கவனமின்மையாலோ வஞ்சகத்தாலோ வரும் குறை. ஒழுகும் கூரையும் கலப்படச் சாந்தால் உதிரும் சுவரும் இதன்பாற்படும். புதிய மரத்தைச் சுரண்டிப் பழமை போலக் காட்டுவதும் இவ்வகையே. வாழாத வாழ்வுக்கு அது பொய்ச்சான்று கூறுகிறது.

தரியா தௌலத்தின் மேற்குச் சுவர்

மைசூருக்கு அருகே காவிரி சூழ்ந்த தீவூர் ஸ்ரீரங்கப்பட்டணம். அங்கே திப்பு சுல்தான் 1784இல் கட்டிய தரியா தௌலத் மாளிகையின் சுவரும் தூணும் விதானமும் வண்ண வேலைப்பாடு நிறைந்தவை. அதன் மேற்குச் சுவரில் புள்ளலூர்ப் போர் தீட்டப்பட்டுள்ளது. காஞ்சிபுரத்துக்கு அருகே 1780 செப்டம்பர் 10 அன்று நடந்த அப்போரில் கர்னல் பெய்லியின் ஆங்கிலப்படை தோற்றது. பெய்லி சிறைப்பட்டு 1782இல் இவ்வூரிலேயே இறந்தார். பல்லக்கில் இருக்கும் பெய்லியும் வெடிக்கும் வெடிமருந்து வண்டியும் ஓவியத்தில் இடம்பெறுகின்றன. அணியணியாக அடுக்கப்பட்ட வீரர்கள் ஏறத்தாழ ஒரே முகச்சாயலில் காணப்படுகின்றனர். அண்மை, சேய்மை வேறுபாடு காட்டும் மேலைநாட்டு முறை இங்கில்லை. அளவுகோலால் நோக்குவோர்க்கு இது குறை. ஆனால் போரின் நெரிசலை உணர்த்துவதில் அதுவே ஓவியத்தின் வலிமையாகிறது.

இவ்வோவியம் 1799ஆம் ஆண்டு முற்றுகைக்கு முன்பே சிதைக்கப்பட்டிருந்தது என்றும், திப்புவின் வீழ்ச்சிக்குப்பின் இங்குக் குடியிருந்த ஆர்தர் வெல்லெஸ்லி அதனைச் சீர்செய்வித்தார் என்றும் கூறுவர். பின்னர் அது வெள்ளையடிக்கப்பட்டு ஏறக்குறைய மறைந்தது. 1855இல் இங்கு வந்த டல்ஹௌசி பிரபுவின் ஆணைப்படி, பழைய ஓவியத்தை நினைவில் வைத்திருந்த இந்திய ஓவியர் ஒருவர் அதனை மீண்டும் தீட்டினார். ஆகவே நாம் இன்று காண்பது நினைவின் துணையால் மீண்ட ஓவியம். நினைவு பிழைபடும், எக்கோடு பழையது, எக்கோடு புதியது எனப் பிரித்தறிதல் எளிதன்று.

அதனால் இச்சுவர் மதிப்பிழந்துவிடுகிறதா? இல்லை என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து. வெள்ளையடித்தல் நம் இல்லங்களில் தூய்மையின் அடையாளம். பொங்கலை ஒட்டிச் சுவர்கள் புதுப்பொலிவு பெறுகின்றன. இங்கோ அதே செயல் அழிப்பாயிற்று. குறையில்லாத வெண்சுவர் ஒன்று கிடைத்தது. அதனிடம் சொல்வதற்கு ஒன்றுமில்லை. மீண்டும் தீட்டிய ஓவியர் குறையுள்ள ஒன்றைத் தந்தார், அது பேசுகிறது. மேலும், தம் படையின் தோல்வியைக் காட்டும் ஓவியத்தை ஆங்கில அதிகாரிகளே காப்பாற்றியுள்ளனர். அவர்தம் நோக்கம் எதுவாயினும், தமக்கு உவப்பற்ற சான்றையும் சுவரில் இருக்கவிடலாம் என்பதற்கு இது எடுத்துக்காட்டாகிறது.

ஓர் எதிர்வாதம்

குறையை ஏற்கச் சொல்வது வசதியுடையோரின் பொழுதுபோக்கு என ஒரு மறுப்பு எழக்கூடும். அதில் பெரும் உண்மை உண்டு. விரிசலை விரும்பித் தேர்ந்தவருக்கு அது அழகு. விரிசலைச் சரிசெய்யப் பொருளற்றவருக்கு அது துன்பம். மழைநாளில் கூரை ஒழுகும் குடிசைக்காரரிடம் குறையின் அழகைப் பேசுவது கொடுமை. எனவே குறையை ஏற்றல் ஒருவர் தம் இல்லத்தைக் குறித்துத் தாமே மேற்கொள்ளும் முடிவாக இருத்தல் வேண்டும். பிறரது இல்லாமைக்குப் பொன்பூச்சாக அமைதல் ஆகாது.

முடிவுரை

சீர்செய்தலைத் தமிழில் 'பழுது பார்த்தல்' என்கிறோம். பழுதை நீக்கும் முன் அதனைப் பார்க்க வேண்டும் என்னும் அறிவு இத்தொடரில் அடங்கியிருக்கிறது. பார்க்காமல் பூசுவது மறைத்தல். பார்த்தும் பேணாமல் விடுவது புறக்கணித்தல். குறை வந்த வழியைக் கண்டு, கையின் சுவடாயின் மதித்தும், காலத்தின் சுவடாயின் காத்தும், கவனமின்மையின் விளைவாயின் திருத்தியும் ஒழுகுவதே இல்லப் புனைவின் அறம் எனத் துணியலாம். தரியா தௌலத்தின் மேற்குச் சுவர் பழுதுற்றது. பின் பழுது பார்க்கப்பட்டது. காஞ்சிக்கு அருகே நடந்த ஒரு போர் காவிரித் தீவில் இன்றும் நினைக்கப்படுவதற்கு அதுவே காரணம்.