யூதாவின் கேள்வி

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட தேற்றாத்தீவிலே புனித யூதா ததேயுவின் திருத்தலம் இருக்கின்றது. இயேசுவின் பன்னிரு சீடருள் ஒருவரான இவர் பாரசீகத்திலே இரத்தசாட்சியாக மாண்டார் என்பது மரபு. காட்டிக்கொடுத்த யூதாசின் பெயரை ஒத்த பெயரால் நெடுங்காலம் மறக்கப்பட்டிருந்தார் என்பர். இன்றோ, கைவிடப்பட்டோரின் பாதுகாவலர்!

1929இல் சிக்காகோ நகரின் உருக்காலைப் பகுதியிலே, மெக்சிக்கத் தொழிலாளர் மத்தியில் இவருக்குத் திருத்தலம் அமைந்தது. தொடர்ந்து வந்த பொருளாதாரப் பெருமந்தத்திலே வேலையிழந்தோர் இவரை நாடினர். 1978இன் சூறாவளியையும், 2004இன் ஆழிப்பேரலையையும், 2009வரை நீண்ட போரையும் கண்ட நம் கரையிலும் மக்கள் இவர்முன் மெழுகுதிரி ஏற்றுகின்றனர்.

இதனை மூடநம்பிக்கையென ஒதுக்குதல் எளிது. ஆனால், வேலையும் மருந்தும் நீதியும் கிட்டாத நிலை விதி ஆக்கியதன்று. பெரும்பாலும் மனிதர் ஆக்கியது. மன்றாடுபவனை நகைக்குமுன், அவனை அந்நிலைக்குத் தள்ளியது எது என நாம் கேட்டோமா?

யோவான் நற்செய்தியில் யூதா பேசுவது ஒரே முறை. அதுவும் ஒரு கேள்வி. உலகத்தாருக்கன்றி எங்களுக்கு மட்டும் உம்மை வெளிப்படுத்துவது ஏன் என்பதே அதன் பொருள். தமக்குக் கிட்டியது பிறர்க்கும் கிட்டவேண்டாமா என்று வினவியவரின் சுரூபத்தைச் சுமந்துகொண்டு, அவ்வினாவை மட்டும் இறக்கிவைப்பது எவ்வகை வணக்கம்? வணங்குவோரும் வணங்காதோரும் சேர்ந்து கேட்கக்கூடிய கேள்வியன்றோ அது!