ஐந்து கோல் வாங்கிய பிறகும் நில்!

2015 ஆகஸ்ட் 16. இங்கிலாந்தின் லீக் ஆட்டம் ஒன்றில் கவன்ட்ரி அணிக்கு எதிராக வெஸ்ட் ஹாம் யுனைடெட் மகளிர் அணி இறங்குகிறது. வெஸ்ட் ஹாமின் கோல் கீப்பர் சென்னையில் பிறந்து தில்லியில் வளர்ந்த அதிதி சவுகான். இந்திய அணியின் வீராங்கனை ஒருவர் இங்கிலாந்து லீக்கில் முதன்முறையாகக் கால் வைத்த நாள் அது. ஆட்டம் முடிந்தபோது கணக்கு என்ன தெரியுமா? 0–5. தோல்வி!

நன்றாகக் கேள் தங்கையே. வரலாற்றில் பெயர் பதிந்த அதே நாளில் அவருடைய அணி ஐந்து கோல் வாங்கியது. அவர் மூட்டை கட்டிக்கொண்டு ஊர் திரும்பவில்லை. இரண்டு சீசன் அந்தக் கிளப்பிலேயே நின்றார். அதே ஆண்டு பிரிட்டனின் ஆசியக் கால்பந்து விருதுகளில் பெண்களுக்கான விருதும் அவரைத் தேடி வந்தது. நீயோ ஒரே ஒரு நேர்காணலில் நாக்குக் குழறிவிட்டது என்று மாதக்கணக்கில் அடுத்த விண்ணப்பம் போடாமல் உட்கார்ந்திருக்கிறாய். எழுந்திரு!

இந்தப் பெண் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தார் என்று பார். பள்ளியின் தொடக்க நாட்களில் அவருக்குக் கால்பந்தே இல்லை. கராத்தே, பிறகு கூடைப்பந்து. கூடைப்பந்துப் பயிற்சியாளர்தான் கோல் கீப்பராக முயன்று பார் என்று திசை காட்டினார். பதினைந்து வயதில் தில்லியின் 19 வயதுக்குட்பட்டோர் அணியில் இடம் கிடைத்தது. பந்தைக் கையால் பிடித்துப் பழகிய பெண்ணுக்கு, காலால் ஆடும் ஆட்டத்தில் கை வேலை காத்திருந்தது! பாதியில் விட்ட பாட்டு வகுப்பு, முடிக்காத தட்டச்சு, இரண்டு வருஷம் ஓடிய ஓட்டம், எல்லாம் வீண் என்று நீ புலம்புவதை நிறுத்து. எது எங்கே கைகொடுக்கும் என்று உனக்கு இப்போது தெரியாது.

அன்று நம் பெண்கள் கால்பந்தின் நிலை என்ன? ஆட்டமே ஆடாமல் கிடந்ததால் 2009இல் ஃபிஃபா தன் தரவரிசையிலிருந்தே இந்திய மகளிர் அணியை நீக்கியிருந்தது. தேசிய அளவில் பெண்களுக்கு ஒரு லீக் கிடையாது. இந்தியன் விமன்ஸ் லீக் தில்லி அம்பேத்கர் ஸ்டேடியத்தில் தொடங்கியதே 2017 ஜனவரியில்தான். ‘இதில் என்ன எதிர்காலம்?’ என்று கேட்டால் பதில் சொல்ல எவரிடமும் எதுவும் இல்லாத காலத்தில் ஒரு பெண் கிளவுஸ் மாட்டிக்கொண்டு போஸ்ட்டுக்குக் கீழே நின்றிருக்கிறார்.

படிப்பா, விளையாட்டா என்று நம் வீடுகளில் போடும் சண்டைக்கும் அவர் வாழ்க்கையிலேயே விடை இருக்கிறது. தில்லியில் கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு, விளையாட்டு மேலாண்மையில் மேற்படிப்புக்கு இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகம் போனார். கிளப்புகள் இருக்கும் ஊருக்கு அந்தப் படிப்பே அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஒன்றை விட்டால்தான் இன்னொன்று என்று உன்னை மிரட்டுகிறவர்களிடம் இதைச் சொல்.

கோல் கீப்பரின் வேலையைக் கொஞ்சம் நினைத்துப் பார். அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். அத்தனை பெரிய வாசலுக்கு ஒற்றை ஆள் காவல். பெனால்டி என்றால் பதினோரு மீட்டரிலிருந்து பந்து பாய்ந்து வரும். முன்வரிசை ஆட்டக்காரர் ஒன்பது முறை தவறவிட்டு ஒரு கோல் அடித்தால் தோளில் தூக்குவார்கள். கீப்பர் ஒன்பதைத் தடுத்து ஒன்றை விட்டால் அந்த ஒன்றைத்தான் பேசுவார்கள். கோல் விழுந்ததும் மற்றவர்கள் நடுக்கோட்டுக்குப் போய்விடுவார்கள். அவள் அங்கேயே தனியாக நிற்க வேண்டும். அடுத்த பந்து வருவதற்குள் முந்தைய கோலை மனதிலிருந்து துடைத்தாக வேண்டும். என்னைக் கேட்டால், மைதானத்தில் இதைவிடத் துணிச்சல் கேட்கிற இடம் வேறு இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. இதைத்தான் உனக்குச் சொல்லியே ஆக வேண்டும். முழு மைதானமும் கண்ணுக்குத் தெரிவது கீப்பருக்கு மட்டும்தான். தடுப்பாட்டக்காரர்கள் அவளுக்கு முதுகைக் காட்டி நிற்பார்கள்; பின்னால் யார் நழுவி வருகிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியாது. அதனால் கீப்பர் கத்த வேண்டும். ‘இடப்பக்கம்!’, ‘ஆளைப் பிடி!’, ‘விடு, பந்து எனக்கு!’ தொண்டை கிழியக் கத்த வேண்டும். வாயை மூடிக்கொண்டு நிற்கும் கீப்பர் எவ்வளவு உயரமாகப் பாய்ந்தாலும் அணியைக் காப்பாற்ற முடியாது. பொம்பளைப் பிள்ளை சத்தம் போட்டுப் பேசாதே என்று எத்தனை வீட்டுத் திண்ணைகளில் சொல்லியிருக்கிறார்கள்! அந்த ஒரு சொல்லால் எத்தனை அணிகள் கீப்பரை இழந்தன, எத்தனை அலுவலகங்கள் தலைவியை இழந்தன என்று நினைத்தால் நெஞ்சு கொதிக்கிறது.

ஊர் திரும்பிய அதிதி ஓய்ந்துவிடவில்லை. 2020 பிப்ரவரியில் கோகுலம் கேரளா அணியோடு இந்தியன் விமன்ஸ் லீக் கோப்பையைத் தூக்கினார். சிறுமிகளுக்காக ‘ஷி கிக்ஸ்’ என்ற கால்பந்துப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். பதினேழு ஆண்டு ஆடிவிட்டு 2025 ஜூலையில் ஓய்வை அறிவித்தார். அதே ஜூலை 5ஆம் தேதிதான் இந்தியப் பெண்கள் சியாங் மாயில் தாய்லாந்தை 2–1 என்று வீழ்த்தி, தகுதிச் சுற்று வழியாக முதன்முறையாக ஆசியக் கோப்பைக்குள் நுழைந்தார்கள். ஒரு காலத்தில் தரவரிசையிலேயே இல்லாத நாடு அது, மறந்துவிடாதே! நம் பக்கமும் சும்மா இருக்கவில்லை. கடலூர் இந்துமதி கதிரேசன் இந்திய அணியின் நடுக்களத்தில் ஆடினார். மதுரையின் சேது எஃப்.சி. 2019இல் லீக் கோப்பையை வென்றது.

மந்திர் மார்க்கிலும் லோதி எஸ்டேட்டிலும் ஜனக்புரியிலும் தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிகளில் படிக்கும் பெண்ணே, உன்னிடம்தான் பேசுகிறேன். உயரம் போதாது, வயது கடந்துவிட்டது, இந்தி சரளமாக வராது என்று காரணம் அடுக்காதே. அணித் தேர்வு எங்கே நடக்கிறது என்று கேட்டு, போய் வரிசையில் நில். முதல் நாள் பந்து விரலைத் தாண்டிப் போகும், போகட்டும். மறுநாளும் போய் நில். அம்மா அப்பாக்களே, அவளுக்கு ஒரு ஜோடி கிளவுஸ் வாங்கிக் கொடுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் என்ன நினைப்பாரோ என்று அவள் குரலை அடக்காதீர்கள். கத்தட்டும். மைதானத்தின் மறுகோடிக்குக் கேட்கும்படி கத்தட்டும்!